அரசில்லாத சனத்துக்கு வெளியுறவு உண்டா?

நான் தமிழ் ஆசிரியன். அரசறிவியல் ஆசிரியர் லீவில் நின்ற ஒரு நாள் அவருடைய உயர்தர வகுப்புக்குப் போனேன். அரசு என்றால் நிலம், மக்கள், அரசாங்கம், இறைமை என்று கரும்பலகையில் எழுதிக் கிடந்தது. "சேர், இந்த நாலும் இல்லாத சனத்துக்கு வெளியுறவே இருக்காதா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். "இருக்காது மகள்" என்றேன். பிறகு தேடி வாசித்தபோதுதான் என் பதில் பிழையென்று விளங்கிற்று.

சர்வதேச உறவுக் கோட்பாட்டின் கதை வழமையாக 1648இல், ஐரோப்பாவின் வெஸ்ட்பேலியா உடன்படிக்கைகளில் தொடங்கும். அதில் அரசுகளே பிரதான பாத்திரங்கள். அவற்றுக்கு மேலே அதிகாரி இல்லை. ஆகவே ஒவ்வோர் அரசும் தன்னைத் தானே காத்துக்கொள்ளப் பார்க்கும் என்பது 1979இல் கென்னத் வோல்ட்ஸ் எழுதிய கோட்பாட்டின் சாரம்.

வட அமெரிக்காவின் ஹோடெனோஷோனி மக்களிடம் வேறொரு கணக்கு இருந்தது. ஐரோப்பியர் 'இரோகுவா' என்றழைத்த இவர்கள், தமக்குள் அடிபட்டுக்கொண்டிருந்த ஐந்து இனத்தவர். வெள்ளையர் குடியேறுமுன்னரே பேரமைதிச் சட்டமொன்றின் கீழ் ஒன்றுசேர்ந்தனர். 18ஆம் நூற்றாண்டில் ஆறாவது இனமும் சேர்ந்தது. தலைவர்களைத் தெரிபவர்கள் குலத் தாய்மார். தவறினால் நீக்குபவர்களும் அவர்களே. பேரவையில் எல்லாரும் இணங்கும்வரை பேச்சு நடக்கும். இவர்களுக்கு மேலேயும் ஓர் அரசன் இருக்கவில்லை. ஆனால் இனங்கள் ஒன்றையொன்று மூத்த சகோதரர், இளைய சகோதரர் என்று முறை சொல்லி ஒரே வீட்டாராக இருந்தன. இவர்களை மலக்குகள் என்று சொல்ல வரவில்லை. 17ஆம் நூற்றாண்டில் அயலிலிருந்த ஹூரொன் மக்களோடு கொடிய போர் நடத்தியவர்கள்தாம்.

ஒல்லாந்தரோடு கண்ட இணக்கத்தின் அடையாளமாக இவர்கள் சொல்வது ஒரு சிப்பிமணிப் பட்டி. வெள்ளைப் பரப்பில் இரண்டு ஊதா வரிகள். ஒன்று தங்கள் தோணி, மற்றது வந்தவர்களின் கப்பல். ஒரே ஆற்றில் பக்கம் பக்கமாகப் போகலாம். ஒருவர் மற்றவரின் சுக்கானில் கைவைக்கக் கூடாது.

கனடா அந்தச் சுக்கானில் கைவைத்தபோது, 1923இல் தலைவர் டெஸ்கஹே தம் மக்களின் கடவுச்சீட்டோடு ஜெனீவா போனார். அயர்லாந்து, எஸ்டோனியா, பனாமா, பாரசீகம் நான்கும் அவருடைய முறைப்பாட்டை எடுக்கச் சொல்லிக் கேட்டன. பிரித்தானியா குறுக்கே நின்றது. சர்வதேச சங்கம் அவரைப் பேசவிடவில்லை. 1924இல் கனடா அவர்களது பரம்பரைப் பேரவையை ஒதுக்கித் தேர்தல் சபையொன்றைத் திணித்தது. அடுத்த வருடம் டெஸ்கஹே காலமானார்.

யார் 'அரசு' என்ற வரைவிலக்கணம் அன்று ஒரு மனிதரை வாசலிலேயே நிறுத்தியது. 2007இல் ஐ.நா. பொதுச்சபை ஆதிக்குடிகளின் உரிமைப் பிரகடனத்தை 144 வாக்குகளால் ஏற்றது. எதிர்த்த நான்கில் கனடாவும் ஒன்று. பிற்பாடு அதுவும் ஏற்றது.

அந்த வகுப்புக்கு மறுபடி போய், "நான் சொன்னது பிழை மகள்" என்று இதையெல்லாம் சொன்னேன். "அப்ப சோதனையில என்னத்த எழுதுற சேர்?" என்றாள். "அந்த நாலையும் எழுதுங்க. ஆனா அந்த நாலையும் ஆர் வகுத்தாங்க, ஆரை வெளியில விட்டாங்கண்டு கேக்க மறந்திராதீங்க" என்றேன்.