சிறு வயதில் கேட்ட சிலம்பு

வைகாசித் திங்களிலே மட்டக்களப்பு வாவியின் இருகரைகளிலும், அதற்குத் தெற்கேயுள்ள ஊர்களிலும் கண்ணகை அம்மன் கோயில்கள் விழித்துக்கொள்கின்றன. அவற்றுட் பல ஆண்டு முழுவதும் கதவடைத்துக் கிடப்பவை. கதவு திறத்தல் என்னும் சடங்கு நிறைவேறியதும் கல்யாணக்கால் நாட்டுவர். பின்னர் இரவுதோறும் உடுக்கு ஒலிக்க, ஏட்டிலிருந்து கண்ணகி வழக்குரை படிக்கப்படும். காரைதீவிலும், தம்பிலுவிலிலும், செட்டிபாளையத்திலும், பட்டிமேட்டிலும் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வழக்கம் இது.

கோயில் முன்றிலின் மணலிலே பாய் விரித்துத் தாயின் மடியில் தலைவைத்துக் கிடக்கும் சிறுமிக்கு அந்தப் படிப்பில் எவ்வளவு விளங்கும்? பாதிக்கு மேல் விளங்காது. ஆயினும் சில காட்சிகள் அவள் உள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும். பாண்டியனுடைய நெற்றிக்கண்ணை அழிப்பதற்கு அம்மன் மாங்கனியாகத் தோன்றுகின்றாள். கனி குழந்தையாகின்றது, குழந்தை பேழையில் வைக்கப்பட்டு நீரிலே விடப்படுகின்றது. அவளுடைய சிலம்புக்கு நாகமணி வேண்டுமென்று மீகாமன் கப்பலேறிப் போய் வெடியரசனோடு பொருகின்றான். ஈற்றில் மதுரை பற்றி எரிகின்றது. மாயக் கனி, மாய மணி, மாயத் தீ என்று குழந்தை உள்ளத்துக்கு வேண்டிய யாவும் இதில் உண்டு. அவளுக்குக் கண்ணகி ஒரு மந்திரப் பெண். சிலம்பு அவளுடைய மந்திரப் பொருள்.

அதே சிறுமி நாற்பது வயதிலே வழக்குரையை அச்சிலே எடுத்துப் படிக்கின்றாள் என்று வைத்துக்கொள்வோம். மட்டக்களப்பின் வித்துவான் வி. சீ. கந்தையா அதனை 1968ஆம் ஆண்டிலே நூலாகப் பதிப்பித்தார். பக்கத்தில் இளங்கோவடிகளின் சிலப்பதிகாரமும் இருக்கட்டும். அவள் படிப்பது அன்று கேட்ட கதைதானா?

இக்கேள்வி கண்ணகிக்கு மட்டும் உரியதன்று. யப்பான் நாட்டிலே மந்திரச் சிறுமியரைப் பற்றிய சித்திரக் கதைகள் பெண்பிள்ளைகளுக்கான மாதப் பத்திரிகைகளில் வெளிவருவது நெடுங்கால வழக்கம். மங்கா என்பது அக்கதைகளுக்கு அந்நாட்டார் வழங்கும் பெயர். அவற்றுள் புகழ்பெற்றது ‘கார்ட்கேப்டர் சகுரா’. கிளாம்ப் என்னும் பெயரில் இயங்கும் பெண் ஓவியர் குழுவினர் 1996 முதல் 2000 வரை ‘நகயோஷி’ என்னும் பத்திரிகையில் அதனை எழுதினர். சகுரா பத்து வயதுச் சிறுமி. மந்திர ஆற்றல் கொண்ட சீட்டுகள் அவள் கையால் வெளியே பறந்துவிடுகின்றன. ஒவ்வொன்றாக அவற்றைத் திரும்பப் பிடிப்பது அவள் கடமையாகின்றது. கதை முடிந்து பதினாறு ஆண்டுகள் சென்றபின், 2016இல், அதே பத்திரிகையில் தொடர்ச்சி தொடங்கிற்று. முதற்கதையைப் பள்ளிப் பருவத்தில் படித்தவர்கள் அதற்குள் வளர்ந்துவிட்டிருந்தனர்.

அவர்கள் பழைய பன்னிரண்டு தொகுதிகளையும் மீண்டும் புரட்டியபோது கண்ணில் முதலிற் பட்டது மந்திரக்கோல் அன்று. தாயை இழந்த இரு பிள்ளைகளுக்குத் தந்தை சமைத்துப் போடுவதும், தமையனும் தங்கையும் வீட்டு வேலையைப் பங்கிட்டுக்கொள்வதும் முன்னே வந்து நின்றன. உறுத்துவனவும் இருந்தன. சகுராவோடு படிக்கும் பத்து வயது மாணவி ஒருத்திக்கு வகுப்பாசிரியர் மோதிரம் கொடுக்கின்றார். அன்று இனிய காதற் காட்சியாகத் தோன்றியது இன்று முகஞ்சுளிக்க வைக்கின்றது. அதற்காக நூலை எறிந்துவிட வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தைக் கண்டும் காணாதது போலக் கடந்து செல்வதும் முறையன்று.

கண்ணகியின் கதையிலும் அத்தகைய பக்கம் உண்டு; அது முதற் காதையிலேயே இருக்கின்றது. மணநாளிலே கண்ணகிக்கு வயது 12, கோவலனுக்கு 16 என்பது சிலப்பதிகாரம் தரும் கணக்கு. கோயிலிலே கல்யாணக்கால் நாட்டும்போது மஞ்சளும் பூவும் கண்டு மகிழ்ந்த சிறுமி இதனை அறியாள். சிலையாக நிற்கும் அம்மனுக்கு வயது ஏது? வளர்ந்தவளோ தன் வீட்டிலே ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளை நினைத்துக்கொள்கின்றாள். அக்கால வழக்கம் அது என்று உரையாசிரியர் போல் விடை சொல்லிக்கொண்டாலும் நெஞ்சில் ஒரு முள் தங்கிவிடுகின்றது.

மாங்கனிக் கதையும் இப்போது வேறு முகம் காட்டுகின்றது. பேழையில் வைத்துக் குழந்தையை நீரில் விட்டவன் பாண்டியன். அவளுடைய கணவனை ஆராயாது கொன்றவனும் பாண்டியனே. அவ்வாறாயின், அரசவையிலே சிலம்போடு நிற்பவள் யார்? அயலூர் வணிகன் மனைவி மட்டுமா? அந்த வீட்டிலிருந்து முன்பொருநாள் வெளியேற்றப்பட்ட பிள்ளையும் அவளே. இளங்கோவடிகளின் காப்பியத்தில் இந்த உறவு இல்லை. கிழக்கிலங்கையிலே வழங்கும் கதையே இதனைச் சேர்த்துத் தருகின்றது. பண்டிதர்கள் இதனைப் பாமரர் கற்பனை என்று ஒதுக்கிவிடுவதுண்டு. அங்ஙனம் ஒதுக்குவது தவறு.

மாதவியையும் மறந்துவிடலாகாது. சிறுவர்க்கு அவள் குடிகெடுத்தவள், அவ்வளவே. கொம்புமுறி விளையாட்டிலே ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, வடசேரி கோவலனுக்காகவும் தென்சேரி கண்ணகிக்காகவும் கொம்பிழுக்கும். மாதவிக்கென்று ஒரு சேரி கிடையாது. ஆனால் காரைதீவிலே 1892இல் பிறந்த ஒருவர் பிற்காலத்தில் அவளுடைய அரங்கேற்று காதையையே தம் ஆராய்ச்சியின் வாயிலாகக் கொண்டார். அவர் விபுலாநந்த அடிகள். அடிகள் பிறந்த அதே ஆண்டிலேதான் உ. வே. சாமிநாதையரின் சிலப்பதிகாரப் பதிப்பும் வெளிவந்தது. அக்காதையின் இசை நுட்பங்களை விளக்கப் புகுந்த முயற்சி பதினான்கு ஆண்டு உழைப்பாக விரிந்து, 1947இல் யாழ் நூலாக அரங்கேறிற்று. அம்மன் கோயில் உள்ள ஊரிலே பிறந்த துறவியார், முதிர்ந்த வயதிலே சிலம்பை எடுத்தபோது, நின்று பார்த்தது தீயை அன்று, ஒரு பெண்ணின் கலையை!

இனி வழக்குக்கு வருவோம். சிறுமிக்கு இதில் வியப்பூட்டுவது தீ. ஒரு பெண் சினந்தாள், நகரம் எரிந்தது என்பதைக் காட்டிலும் பெரிய அற்புதம் குழந்தைக்கு வேண்டியதில்லை. வளர்ந்த மட்டக்களப்புப் பெண்ணுக்கு அற்புதம் தீக்குச் சற்று முன்னரே நிகழ்ந்துவிடுகின்றது. தலைவிரி கோலமாக ஒருத்தி வாயிலில் வந்து நிற்கின்றாள். காவலன் அவளைத் துரத்தவில்லை; உள்ளே சென்று அறிவிக்கின்றான். அரசன் அப்போதே அழைத்துக் கேட்கின்றான். தன்னிடமுள்ள சிலம்பைக் கொணர்ந்து முன்னே வைக்கச் செய்கின்றான். அவள் உடைக்கின்றாள், பாண்டிமாதேவியின் முத்து இல்லை, மாணிக்கப் பரல் தெறிக்கின்றது. கள்வன் தானே என்று சொல்லி அரசன் வீழ்ந்து உயிர் விடுகின்றான். முறையீடு, சான்று, தீர்ப்பு, ஒப்புதல் அனைத்தும் ஒரே அமர்வில் முடிந்துவிடுகின்றன.

1990ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்திலே, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தோருள் 158 பேர் ஒரே நாளில் இராணுவத்தினரால் அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்கள் திரும்பவில்லை. பின்னர் விசாரணைக் குழு அமைந்தது, தாய்மாரும் மனைவியரும் சாட்சியம் கூறினர், பெயர்கள் பதிவாயின. அப்பெண்களின் கையிலே இருந்தது சிலம்பன்று. ஒரு புகைப்படம், ஓர் அடையாள அட்டையின் பிரதி. இப்பிரதேசத்திலே வழக்குரை காதையைப் படிக்கும் எவருக்கும் இது நினைவுக்கு வாராமல் இராது. சொன்னதைக் கேட்டு, சான்றைப் பார்த்து, பிழை தன்னதே என்று கூறும் ஓர் அவை! மாங்கனியிலிருந்து குழந்தை பிறப்பதை நம்பிவிடலாம். இதனை நம்புவது அதனினும் அரிது.

தீயைப் பற்றியும் வளர்ந்தவளுக்கு ஐயங்கள் எழுகின்றன. பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிடுக என்று கண்ணகி தீக்கடவுளுக்குக் கட்டளையிடுவதாகக் காப்பியம் சொல்லும். விலக்கு நீண்ட பட்டியல்தான். ஆயினும் எரியும் நகரத்திலே தீ அத்தனை நுணுக்கமாக ஆள்பார்த்துச் செல்லுமா? அதன்பின் வெற்றிவேற் செழியன் பத்தினியின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்ற செய்தியும் வருகின்றது. பொய் சொன்ன பொற்கொல்லன் ஒருவன். மற்றவர்கள் செய்த குற்றம் யாது? கூட்டத்தோடு தண்டிக்கப்படுவது என்னவென்று அறிந்த மண்ணிலே, இவ்வரியை விரைந்து கடந்துவிட இயலாது.

இவ்விடத்திலேதான் வாவிக்கரைக் கதையின் போக்கு கருதத்தக்கது. இளங்கோவடிகள் மதுரைக் காண்டத்தின்பின் வஞ்சிக்குச் செல்கின்றார். இமயத்துக் கல்லும், செங்குட்டுவன் வென்ற போரும், கயவாகு மன்னன் காணக் கோயில் எழுந்ததும் பேசப்படுகின்றன. வழக்குரையோ குளிர்ச்சிக் காதைக்குச் செல்கின்றது. சினத்தோடு வரும் அவளை ஆயர் சேரிப் பெண்கள் எதிர்கொள்கின்றனர். பாலும் வெண்ணெயும் கொண்டு அவள் வெம்மையைத் தணிக்கின்றனர். போரும் கல்லும் அவர்களிடம் இல்லை. வீட்டிலே இருந்த பாற்பொருளே உண்டு. சகுராவின் சீட்டுகளும் அழிக்கப்படுவதில்லை; பெயர் சொல்லி அழைக்கப்பட்டு அவளுக்குத் துணையாகின்றன என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒப்புமை அவ்வளவோடு நிற்கும். சகுராவுக்கு எவரும் இழைத்த அநீதி இல்லை; கண்ணகிக்கு உண்டு. குளிர்ச்சி பாடுவோர் அவள் சினம் பிழை என்று ஓரிடத்திலும் சொல்வதில்லை.

உடுக்கின் ஓசையிலே சிறுமி உறங்கிவிடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேதான். தீ அணைந்துவிட்டது, கதை முடிந்துவிட்டது என்று அவள் எண்ணுகின்றாள். தாய் உறங்குவதில்லை. குளிர்த்திப் பாடல் முடியும்வரை விழித்திருந்து, தீர்த்தத்தைக் கையில் ஏந்தி வாங்கி, தன் தலையிலே தெளித்தபின் பிள்ளையின் நெற்றியிலும் தடவுகின்றாள். பின்னர் கோயிற் கதவு அடைக்கப்படுகின்றது. அடுத்த வைகாசிவரை அது திறப்பதில்லை.