மறைவிடம் – 11: வெள்ளித் தகட்டில் ஒரு சொல்

எங்கள் பாட்டிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் எவ்வளவு நீண்டாலும் சரி, அறிவிப்புகளை எவ்வளவு இழுத்தாலும் சரி, கடைசி ஆசீர்வாதம் வாங்காமல் யாரும் கோயில் படி இறங்கக் கூடாது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நாங்கள் பின் பெஞ்சிலிருந்து நழுவப் பார்த்தால் கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார். “வந்ததே அதுக்குத்தானேடா” என்பார். போதகர் இரண்டு கைகளையும் உயர்த்தியதும், முக்காட்டை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு, உள்ளங்கைகளை மடியில் விரித்து வைப்பார். வேளாங்கண்ணிப் பக்கம் இருந்த எங்கள் சித்திகூட, கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட பிறகும், ஊருக்கு வந்தால் அந்த நேரத்தில் பாட்டி பக்கத்தில் அப்படியே கை விரித்து உட்கார்ந்துவிடுவார்.

போன வாரம் 91-ம் சங்கீதத்தைப் பார்த்தோம். இந்த வாரம், பாட்டி மடியில் ஏந்திய அந்த ஆசீர்வாதம்.

அது எண்ணாகமம் 6-ம் அதிகாரத்தில் இருக்கிறது. 24 முதல் 26 வரை மூன்றே வசனங்கள். ஆரோனும் அவன் குமாரர்களும் இஸ்ரவேல் மக்களை இப்படித்தான் ஆசீர்வதிக்க வேண்டும் என்று மோசேயிடம் கடவுள் சொல்லிக்கொடுத்தது. எபிரெயத்தில் மொத்தம் 15 சொற்கள். முதல் வசனத்தில் 3, அடுத்ததில் 5, கடைசியில் 7. புள்ளி வைத்து வெளியே வெளியே விரித்துப் போடும் கோலம் போல அது வளர்கிறது. ஆசியும் காவலும் முதலில். பிறகு கடவுளின் முகம் பிரகாசிப்பதும் அவருடைய கிருபையும். முடிவில் அதே முகம் நம் பக்கம் திரும்ப, அதோடு வருகிற சமாதானம். லுத்தர் 1526-ல் ஜெர்மன் மொழியில் ஒழுங்குபடுத்திய ஆராதனை முறை இந்த ஆசீர்வாதத்தோடுதான் முடிகிறது. எங்களைப் போன்ற லுத்தரன் குடும்பங்களுக்கு அது அந்த வழியில் வந்து சேர்ந்தது.

காவல் என்ற அந்தச் சொல்லில்தான் இன்று நான் நிற்க விரும்புகிறேன். எங்கள் குடும்பம் முட்டி அடிபட்ட இடம் அது.

அப்பா மருத்துவமனையில் மூன்றாவது வாரமாகப் படுத்திருந்த சமயம். பார்க்க வந்த ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், வராந்தாவில் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்: காப்பேன் என்று ஆண்டவர் எழுதியே கொடுத்திருக்கிறார், அது பலிக்கவில்லை என்றால் நம் விசுவாசத்தில்தான் எங்கோ குறை. அம்மா அப்போது ஒன்றும் பேசவில்லை. இரவு பதினோரு மணிக்கு, ஃபிளாஸ்க்கிலிருந்து காபியை ஊற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார்: “நாம என்னடா குறை வச்சோம்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் பிறகு வேதத்தைப் புரட்டினேன். இந்தத் தொடரே அதிலிருந்து வந்ததுதான்.

1979-ல் எருசலேமில் ஒரு அகழாய்வு நடந்தது. பழைய நகரத்துக்குத் தென்மேற்கே, இன்னோம் பள்ளத்தாக்கை ஒட்டிய மேட்டில், பாறையில் குடைந்த கல்லறைகள். இடத்தின் பெயர் கெத்தேப் இன்னோம், இன்னோமின் தோள் என்று அர்த்தம். தொல்லியலாளர் காபிரியேல் பார்க்காய் தலைமையில் வேலை. பெரும்பாலான கல்லறைகள் எப்போதோ கொள்ளை போயிருந்தன. ஒன்றில் மட்டும் மேலிருந்து பாறை உதிர்ந்து, எலும்புகளையும் பொருட்களையும் ஒதுக்கிவைக்கும் குழியை மூடிக் காப்பாற்றியிருந்தது. அதற்குள் ஏராளமான பொருட்கள். அவற்றோடு, இறுகச் சுருட்டிய இரண்டு சின்ன வெள்ளித் தகடுகள். கழுத்தில் கட்டிக்கொள்ளும் தாயத்துப் போல, நடுவில் நூல் கோக்க இடம் விட்டுச் சுருட்டியவை.

விரித்தால் நொறுங்கிவிடும் என்ற நிலையில் இருந்த அவற்றை இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் பிரித்தெடுக்க மூன்று ஆண்டுகள் ஆயின. பெரியது விரிந்தபோது சுமார் 97 மில்லிமீட்டர் நீளம், 27 மில்லிமீட்டர் அகலம். சின்னது 39-க்கு 11. ஒரு விரல் அளவுகூட வராது. அந்த வெள்ளியில் முடி போல மெல்லிய கோடுகளாகக் கீறிய பழைய எபிரெய எழுத்துகள். கடவுளின் பெயர் முதலில் கண்ணில் பட்டது. மற்ற எழுத்துகளையும் கூட்டிப் படித்தபோது தெரிந்தது, அது எண்ணாகமம் 6-ன் ஆசீர்வாதம், கொஞ்சம் சுருக்கிய வடிவில். 1990-களில் புதிய முறையில் எடுத்த படங்களைக் கொண்டு மறுபடி வாசித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வும் அதை உறுதி செய்தது. காலம் கி.மு. 7-ம் நூற்றாண்டின் கடைசி, அல்லது 6-ன் தொடக்கம். சவக்கடல் சுருள்களுக்கும் சில நூற்றாண்டுகள் முந்தியது. வேதாகம வாசகம் எழுதியிருக்கும் பொருட்களில் நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையது இதுதான்.

நமக்குக் கிடைத்த மிகப் பழைய வாசகம் ஒரு சட்டமாக இருந்திருக்கலாம், ஒரு ராஜாவின் வரலாறாக இருந்திருக்கலாம். யாரோ ஒருவர் தன் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்ட “காக்க” என்ற வேண்டுதலாக அது இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

ஆனால் அவர் வாழ்ந்த காலத்தையும் பாருங்கள். எரேமியாவின் காலம் அது. கீழே தெரிந்த அதே இன்னோம் பள்ளத்தாக்கில்தான் பிள்ளைகளைத் தீயில் பலியிட்டார்கள் என்று எரேமியா கதறுகிறார். நரகத்துக்கு ‘கெஹன்னா’ என்று பிற்காலத்தில் பெயர் வந்ததும் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்துதான். கி.மு. 586-ல் பாபிலோனியர் எருசலேமை எரித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஆலயமும் போயிற்று. வெள்ளித் தகட்டைக் கட்டியிருந்தவர் அதற்கு முன்பே கண்ணை மூடினாரா, அந்தப் புகையைப் பார்த்தாரா, தெரியாது. எப்படியும் அந்தத் தகடு கிடைத்தது ஒரு கல்லறையில். சாவைத் தள்ளிப்போட்ட தாயத்து அல்ல அது. அவரோடு கூடவே சாவுக்குள் இறங்கிய சொல்.

அப்படியானால் காவல் என்பதற்கு என்ன பொருள்?

அந்த எபிரெயச் சொல் ‘ஷாமர்’. தோட்டத்தைப் பண்படுத்திக் காக்க ஆதாமை வைத்தபோது வருவது அதே சொல். தம்பியைக் கொன்றுவிட்டு வந்த காயீன், அவனுக்கு நான் என்ன காவல்காரனா என்று கடவுளிடமே கேட்டபோது வாயிலிருந்து வருவதும் அதுதான். வீட்டை விட்டு ஓடுகிற யாக்கோபு கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கிய ராத்திரியில், நீ போகுமிடமெல்லாம் கூட இருந்து காப்பேன் என்று கடவுள் சொன்னதும் அதே சொல்லில். அந்த யாக்கோபு திரும்பி வரும்போது இடுப்புச் சந்து பிசகி நொண்டிக்கொண்டுதான் வந்தான். இருபது வருஷம் மாமனாரிடம் ஏமாந்தான். பிள்ளை செத்தான் என்று நினைத்துப் பல வருஷம் அழுதான். காத்த கடவுள் இதையெல்லாம் தடுக்கவில்லை. விட்டுவிட்டும் போகவில்லை.

121-ம் சங்கீதத்தில் இந்தச் சொல் இன்னும் நெருக்கமாக வருகிறது. எட்டே வசனம், அதில் ஆறு முறை ஷாமர். எருசலேமுக்கு மலையேறிப் போகிற யாத்திரிகரின் பாட்டு அது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் முதல் வசனத்தைப் படித்தால், மலைகளிலிருந்தே உதவி வரும் என்பது போலத் தோன்றும். ‘ஒத்தாசை’ என்ற அருமையான சொல்லை நமக்குத் தந்த வசனம் அது, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் எபிரெயத்தில் அங்கே ஒரு கேள்வி இருக்கிறது. மலையைப் பார்த்தவனுக்கு உடனே தைரியம் வரவில்லை, பயம்தான் வந்தது: எனக்கு எங்கிருந்து உதவி வரும்? கள்ளனும் விலங்கும் திரியும் மலை. கால் சறுக்கும் பாதை. பகலில் வெயில், இரவில் நிலா. அந்தப் பயத்துக்குப் பதிலாகத்தான் தூங்காத காவல்காரர் வருகிறார். உறங்குவதும் இல்லை, கண் அயர்வதும் இல்லை.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் அறுவடைக் காலத்தில் களத்துமேட்டுக் காவல் என்று ஒன்று உண்டு. தூற்றி முடித்த நெல்லை அன்றே வீடு சேர்க்க முடியாவிட்டால் குவித்து வைத்து, அதன்மேல் சாணிப்பாலால் குறி போட்டுவிடுவார்கள். யார் கை வைத்தாலும் கோடு கலைந்து தெரிந்துவிடும். தாத்தா வைக்கோலை விரித்து அந்தக் குவியலை ஒட்டியே படுத்துக்கொள்வார். பனி கொட்டும். சில வருஷம் எதிர்பாராமல் மழையும் வரும். அப்போது அவர் குடையைத் தேடி வீட்டுக்கு ஓடியதில்லை. வைக்கோலையும் தார்ப்பாயையும் இழுத்துக் குவியலின்மேல் போட்டுவிட்டுத் தான் நனைவார்.

எண்ணாகமத்தில் அந்த ஆசீர்வாதம் முடிந்தவுடன் 27-வது வசனம் ஒன்று இருக்கிறது. ஆராதனையில் அதைச் சொல்வதில்லை. ஆசாரியர்கள் இந்த வார்த்தைகளைச் சொல்லும்போது கடவுளின் பெயரை மக்கள்மேல் வைக்கிறார்கள் என்பது அதன் சாரம். களத்து நெல்மேல் போட்ட குறி போல. இது என்னுடையது என்ற அடையாளம். வெள்ளித் தகடு கட்டியிருந்தவர் இந்த வசனத்தை அப்படியே உடம்பில் வாங்கிக்கொண்டவர் என்று எனக்குத் தோன்றுகிறது.

மழையில் நனைந்த காவல்காரரைப் பார்க்க வேண்டுமென்றால் யோவான் 17-க்குப் போக வேண்டும். பிடிபடப் போகிற இரவில் இயேசு தம் சீடர்களுக்காக ஜெபிக்கிறார். இதுவரை நான் இவர்களைக் காத்தேன், இனி நீர் காத்துக்கொள்ளும் என்று பிதாவிடம் ஒப்படைக்கிறார். இவர்களை உலகத்திலிருந்து எடுத்துவிடும் என்று கேட்கவில்லை என்பதையும் தெளிவாகச் சொல்கிறார். தீயவனிடமிருந்து காக்கும் என்பதே வேண்டுதல். மறுநாள் சிலுவையில் தொங்கியது கேட்டவர்தான். லூக்கா 21-ல் இன்னும் வெளிப்படை: உங்களில் சிலரைக் கொலை செய்வார்கள் என்று சொன்ன அதே மூச்சில், உங்கள் தலைமயிரில் ஒன்றும் அழியாது என்கிறார். முரண் என்று பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் வெகுநேரம் அங்கே நின்றேன். கொல்ல முடியும், ஆனால் அழிக்க முடியாது. அவர் சொன்ன காவல் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

அந்த ஆசீர்வாதத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களில் முதலாமவரையும் நினைத்துப்பார்க்கிறேன். சீகன்பால்கு 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் இறங்கினார். புதிய ஏற்பாட்டை முடித்து 1715-க்குள் அச்சேற்றினார். பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரை வந்தார், எண்ணாகமம் அதற்குள் அடங்கியது. இடையில் சுமார் நான்கு மாதம் டேனிஷ் கோட்டையில் சிறை. உடம்பும் ஒத்துழைக்கவில்லை. 1719 பிப்ரவரி 23-ல், 36 வயதில் இறந்தார். தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம். விசுவாசக் குறைவு என்று அவரைப் பார்த்து யார் சொல்வார்கள்? அம்மாவிடம் பேசிவிட்டுப் போனவர்கூடச் சொல்ல மாட்டார்.

அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு இரண்டு நாள் கழித்து, இரவில் எங்கள் போதகர் வந்தார். அப்பாவுக்கு எழுபத்தைந்து, போதகருக்கு நாற்பதுதான் இருக்கும். எப்போதும் “ஐயா, ஐயா” என்றுதான் பேசுவார், ‘நீங்க’ தவிர வேறு வராது. அன்றும் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, “ஐயா, வலி எப்படி இருக்குங்க? தூங்கினீங்களா?” என்று விசாரித்தார். அப்பா கையை மட்டும் அசைத்தார். போதகர் எழுந்து, ஊசி குத்தாத கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அப்பாவின் நெற்றியில் வைத்து அந்த மூன்று வசனங்களைச் சொன்னார்.

மூன்று வசனத்திலும் ‘உன்னை’, ‘உன்மேல்’, ‘உனக்கு’.

வாழ்நாள் முழுவதும் கேட்ட வார்த்தைகள்தாம். ஒரு கோயில் நிறைய ஜனங்களைப் பார்த்துச் சொன்னாலும் அது ஒருமையில்தான் வரும், எபிரெயத்திலும் அப்படியே. ஆனால் முப்பத்தைந்து வயது மூத்தவரை, ஒருநாளும் ஒருமையில் பேசாத ஒரு மனிதர் வாயிலிருந்து அது வந்தபோதுதான் அங்கே பேசுவது போதகர் இல்லை என்பது எனக்கு உறைத்தது. அம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். அப்பாவின் உதடு சேர்ந்து அசைந்தது, சமாதானம் என்ற கடைசிச் சொல்லுக்கு மட்டும் சத்தம் வந்தது.

போதகர் நெற்றியிலிருந்து கையை எடுத்தார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். மறுபடி பழைய குரலுக்கு வந்து, “நான் காலைல வந்து பாக்கறேங்க ஐயா” என்றார்.

“சரி தம்பி” என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

(தொடரும்)