எண் இரட்டித்தால் பில்ட் நிற்கும்

ஒரு செயலி கோப்பைப் படிக்க வேண்டுமானால் வன்தட்டைத் தானே தொட முடியாது. இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கேட்க வேண்டும். இப்படிக் கேட்கும் அழைப்பு பெயர் சொல்லி அல்ல, எண் சொல்லி. 64 பிட் இன்டெல் லினக்ஸில் 0 என்றால் படி, 1 என்றால் எழுது. அதே 1, பழைய 32 பிட் இன்டெல் முறையில் ‘நிரலை முடி’!

ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றவும் வழியில்லை. ஏற்கெனவே கம்பைல் ஆகி உலகெங்கும் ஓடும் நிரல்களுக்குள் அது பதிந்துபோயிருக்கிறது. 64 பிட் இன்டெல் முறையில் 156ஆம் எண்ணின் வேலை கெர்னலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. அழைத்தால் ‘அப்படியொரு வசதி இல்லை’ என்ற பிழை மட்டும் வரும்.

எந்த எண்ணுக்கு எந்த ஃபங்ஷன் என்று சொல்ல கெர்னலுக்குள் ஓர் அட்டவணை உண்டு. 32 பிட் இன்டெல் கெர்னலில் அது கையால் எழுதிய அசெம்பிளி வரிகளாக இருந்தது. எண்கள் வேறொரு கோப்பில். இரண்டும் ஒத்துப்போவது எழுதுபவரின் கவனத்தைப் பொறுத்தது. 2011-இல் கெர்னல் நிரலாளர் எச். பீட்டர் ஆன்வின் இரண்டையும் ஒரே உரைக் கோப்பாக்கினார். வரிக்கு ஓர் அழைப்பு: எண், எந்த வகை நிரலுக்கு, பெயர், கெர்னலில் அதைச் செய்யும் ஃபங்ஷன். மற்றதை ஷெல் ஸ்கிரிப்ட் உருவாக்கிவிடும்.

அதிலும் ஓர் ஓட்டை இருந்தது. அட்டவணை முழுவதையும் முதலில் ‘இல்லை’ என்று நிரப்பிவிட்டு, அதன் மேல் உண்மையான அழைப்புகளை எழுதுவார்கள். மேலெழுதுவதைப் பற்றிக் கம்பைலர் முணுமுணுக்காதபடி அந்த எச்சரிக்கையை அணைத்தும் வைத்திருந்தார்கள். ஆகவே இரண்டு அழைப்புகளுக்கு ஒரே எண் விழுந்தால், பின்னது முன்னதைச் சத்தமில்லாமல் அழித்துவிடும்.

பல கணினி வகைகளுக்குத் தனித்தனியாக இருந்த ஸ்கிரிப்ட்களை 2021-இல் இன்னொரு கெர்னல் நிரலாளர் மசாஹிரோ யமாடா ஒன்றாக்கினார். புதிய ஸ்கிரிப்ட் அடுத்து வர வேண்டிய எண்ணை நினைவில் வைத்தபடி வரி வரியாகப் படிக்கிறது. வந்த எண் பெரியதா? இடைவெளியை அதுவே ‘இல்லை’ என்று நிரப்பும். சிறியதா? வரிசை குலைந்திருக்கிறது, அல்லது எண் இரட்டித்திருக்கிறது என்று சொல்லி, கெர்னலைக் கட்டியெழுப்பும் பில்டையே நிறுத்திவிடும்.

ஸ்கிரிப்ட் தரும் கோப்பில் இருப்பதெல்லாம் எண்ணும் ஃபங்ஷன் பெயரும் சேர்ந்த மேக்ரோ வரிகள்தான். அதை அட்டவணையாக்குவதா, வேறொன்றாக்குவதா என்பது அதைச் சேர்த்துக்கொள்ளும் நிரலின் பாடு. 2024-இல், ப்ராசஸரின் ஊகிப்பைச் சுரண்டும் ஸ்பெக்டர் வகைத் தாக்குதல் ஒன்றைத் தடுக்க, அட்டவணையில் முகவரி பார்த்துத் தாவும் முறையை விட்டுவிட்டு, 64 பிட் இன்டெல் கெர்னல் ‘ஸ்விட்ச்’ கட்டளைக்கு மாறியது. முந்நூற்றுக்கும் மேற்பட்ட அழைப்புகளை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருக்கவில்லை. மேக்ரோவுக்குப் புதிய பொருள் கொடுத்ததே போதுமானதாக இருந்தது.