அட்மின் பாஸ்வேர்டு கேட்காமல் மென்பொருள் கொடுப்பது எப்படி?

மாலை நான்கு மணிக்கு ஒரு டிசைனர் போன் செய்கிறார். கிளையன்ட் அனுப்பிய வீடியோ அவருடைய மேக்கில் திறக்கவில்லை. விஎல்சி பிளேயர் இருந்தால் போதும். இன்ஸ்டால் செய்யப் போனால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. ஐ.டி. ஆள் மேல் மாடியிலிருந்து இறங்கி வந்து அதை அடித்துக் கொடுப்பதற்குள் ஐந்தரை ஆகிவிடுகிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இது தினசரிக் கதை. தொல்லை பொறுக்காமல் ஒருவரிடம் பாஸ்வேர்டைச் சொல்லி வைத்தார்கள். மூன்று மாதத்தில் அது மாடி முழுக்கத் தெரிந்துவிட்டது. அதன்பின் எந்தக் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று ஐ.டி. டீமுக்கே தெரியவில்லை.

இதற்கு நல்ல தீர்வு ஒன்று பல வருடங்களாகவே இருக்கிறது. மென்பொருளை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆன்டிவைரஸ், பிரவுசர் போன்றவை எல்லோருக்கும் கட்டாயம். அவை தாமாகவே போய் உட்காரும். மற்றவை விருப்பப் பட்டியல். வேண்டியவர் வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 2000 வந்தபோதே குரூப் பாலிசியில் ‘அசைன்’, ‘பப்ளிஷ்’ என்று இந்த இரண்டு வழிகளும் இருந்தன. இன்று மைக்ரோசாஃப்ட் இன்ட்யூனில் ‘ரெக்வயர்டு’, ‘அவைலபிள்’ என்று பெயர். ‘அவைலபிள்’ என்று குறித்தவை ஊழியரின் கம்பெனி போர்ட்டல் ஆப்பில் தெரியும்.

இது உள்ளே எப்படி நடக்கிறது என்று பார்க்க ‘முங்கி’யை எடுத்துக்கொள்வோம். மேக் கம்ப்யூட்டர்களுக்கான இலவச, ஓப்பன் சோர்ஸ் கருவி இது. வால்ட் டிஸ்னி அனிமேஷன் ஸ்டுடியோஸில் கிரெக் நீகல் உருவாக்கியது. இதற்குச் சாதாரண வெப் சர்வர் ஒன்று போதும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ‘மேனிஃபெஸ்ட்’ என்ற ஒரு பட்டியல் உண்டு. கிட்டத்தட்ட மணிக்கு ஒரு முறை மேக் தானாகவே சர்வருக்குப் போய் அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு வரும்.

மேனிஃபெஸ்டில் ‘ஆப்ஷனல் இன்ஸ்டால்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் விஎல்சி என்று ஒரு வரி சேர்த்தால், டிசைனரின் ‘மேனேஜ்டு சாஃப்ட்வேர் சென்டர்’ ஆப்பில் விஎல்சி படத்தோடு வந்து நிற்கும். அவர் இன்ஸ்டால் பட்டனை அழுத்துகிறார். பாஸ்வேர்டு கேட்பதில்லை. ஏனென்றால் இன்ஸ்டால் செய்வது அவருடைய கணக்கு இல்லை. பின்னணியில் முழு அதிகாரத்தோடு ஓடும் முங்கிதான் செய்கிறது. அந்த அதிகாரமும் நாம் பட்டியலில் வைத்த பொருளுக்கு மட்டுமே செல்லும். ஊழியருக்குச் சுதந்திரம் கிடைக்கிறது. சாவி நம் கையிலேயே இருக்கிறது. எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பட்டனை அழுத்தியதும் இன்னொன்றும் நடக்கிறது. அவர் விஎல்சியைத் தேர்ந்தெடுத்தார் என்று அந்த மேக்கிலேயே ‘செல்ஃப் சர்வ் மேனிஃபெஸ்ட்’ என்ற சின்னக் கோப்பில் பதிவாகிறது. அந்த நிமிடம் முதல் அவர் அளவில் அது கட்டாயப் பட்டியலில் இருப்பது போலத்தான். நாளை புதிய பதிப்பை சர்வரில் ஏற்றினால் அவருக்கும் தானாகப் போய்ச் சேரும். எடுத்துக்கொள்வது அவர் விருப்பம். எடுத்தபின் பராமரிப்பது நம் பொறுப்பு. பல ஐ.டி. டீம்கள் தடுமாறுவது இங்கேதான். கேட்டதையெல்லாம் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பழைய பதிப்பாக நிற்கிறது. பழைய பதிப்பில் பாதுகாப்பு ஓட்டை இருந்தால், அதை எல்லோருக்கும் விநியோகித்தது நாமே என்றாகிவிடும்.

பட்டியலிலிருந்து எடுக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. ‘ஆப்ஷனல் இன்ஸ்டால்ஸ்’ வரியை அழித்துவிட்டால் மென்பொருள் கம்ப்யூட்டரிலிருந்து போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. ஏற்கெனவே எடுத்தவர் கம்ப்யூட்டரில் அது அப்படியே இருக்கும். அப்டேட் மட்டும் நின்றுபோகும். யார் கண்ணிலும் படாமல் பழசாகிக்கொண்டே கிடக்கும். உண்மையிலேயே நீக்க வேண்டுமென்றால் அதன் பெயரை ‘மேனேஜ்டு அன்இன்ஸ்டால்ஸ்’ பகுதிக்கு மாற்ற வேண்டும். முன்பு ஊழியர்கள் தாங்களாகவே போட்டுக்கொண்டவை இருந்தால், அவற்றை ‘மேனேஜ்டு அப்டேட்ஸ்’ பகுதியில் எழுதலாம். ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அப்டேட் போகும். இல்லாதவர்களுக்குப் புதிதாக எதுவும் வராது.

லைசென்ஸ் விஷயத்தில் அசட்டையாக இருக்கவே கூடாது. ‘இலவசம்’ என்று எழுதியிருந்தாலும் நிறுவனத்துக்கும் அது இலவசம்தானா என்று பாருங்கள். டாக்கர் டெஸ்க்டாப் ஓர் உதாரணம். 2021-இல் அதன் விதி மாறியது. 250 பேருக்குக் குறைவாகவும், ஆண்டு வருமானம் ஒரு கோடி டாலருக்குக் குறைவாகவும் உள்ள நிறுவனங்களுக்கே இலவசம். மற்றவர்கள் வேலைக்குப் பயன்படுத்தினால் சந்தா கட்ட வேண்டும். விதி தெரியாமல் அதைப் பட்டியலில் வைத்தால், ஊழியர் அழுத்தும் ஒவ்வொரு பட்டனும் நிறுவனத்தின் தலையில் விழும். காசு கொடுத்து வாங்கியவற்றுக்கு முங்கியிலேயே வசதி உண்டு. இத்தனை நாள் திறக்கவே இல்லை என்றால் தானாக நீக்கிவிடும்படி வைக்கலாம். அந்த லைசென்ஸ் தேவைப்படும் இன்னொருவருக்கு உதவும்.

சோதனை செய்யாமல் எதையும் பொதுவில் விடாதீர்கள். முங்கியில் கேட்டலாக் என்று பிரிவுகள் உண்டு. புதிய பதிப்பை முதலில் டெஸ்டிங் கேட்டலாக்கில் வைத்து, நாலைந்து பேர் சில நாள் பயன்படுத்திப் பார்த்தபின் புரொடக்‌ஷனுக்கு மாற்றுவதுதான் வழக்கம். அந்த நாலைந்து பேரும் ஐ.டி. ஆட்களாகவே இருக்க வேண்டாம். அக்கவுன்ட்ஸில் ஒருவர், டிசைனில் ஒருவர் இருந்தால் நமக்குத் தோன்றாத கோளாறுகூட வெளியே வரும்.

பெயரும் விளக்கமும் நல்ல தமிழிலோ எளிய ஆங்கிலத்திலோ எழுதுங்கள். வெறும் பதிப்பு எண்ணைப் பார்த்து யாரும் எடுக்க மாட்டார்கள். ‘திறக்காத வீடியோக்களுக்கு இது’ என்று ஒரு வரி இருந்தால் டிசைனர் போனைத் தொடவே மாட்டார்.

உங்கள் அலுவலகத்தில் இதைத் தொடங்க நினைத்தால், ஐ.டி. டீமிடம் உதவி கேட்டு வந்த கடந்த மூன்று மாத டிக்கெட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். அடிக்கடி கேட்கப்பட்ட ஐந்து மென்பொருள்களை மட்டும் முதலில் பட்டியலில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதன் அப்டேட்டைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் பெயரை எழுதுங்கள். பெயர் எழுத ஆள் கிடைக்காத மென்பொருளைச் சேர்க்காதீர்கள்.