பெட்டியில் மிஞ்சிய கடிதங்கள்

மஸ்கெலியாவில் எங்கள் லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. பெயர், தோட்டம், டிவிசன், மஸ்கெலியா. அவ்வளவுதான். கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும். அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்து அனுப்பினால் உண்டு. எனக்கு வந்த ஒரு நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சை முடிந்து நான்காம் நாள்தான் கைக்குக் கிடைத்தது. அதனால்தானோ என்னவோ, பழைய கடிதத் தொகுப்பு எதைப் பார்த்தாலும் இவை எப்படி மிஞ்சின என்ற கேள்விதான் எனக்கு முதலில் வருகிறது.

உ.வே. சாமிநாதையருக்கு 1877 முதல் 1900 வரை வந்த கடிதங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்தார். 'கடிதக் கருவூலம்' என்ற பெயரில் 2018இல் அந்தத் தொகுதி வெளிவந்தது. சீவக சிந்தாமணியை 1887இலும் சிலப்பதிகாரத்தை 1892இலும் புறநானூற்றை 1894இலும் அச்சேற்றியவர் சாமிநாதையர். அந்த ஆண்டுகளில் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த கதை நமக்குத் தெரியும். ஆனால் எல்லா ஊருக்கும் கால்நடையாகப் போய்விட முடியாது. எந்த மடத்தில் எந்தச் சுவடி இருக்கிறது, யார் இரவல் தருவார், அச்சுக்கூலிக்கு யார் கைகொடுப்பார் என்பதையெல்லாம் தபாலில்தான் விசாரிக்க வேண்டியிருந்தது. பாரிஸிலிருந்து ஜூலியன் வின்சோன் தமிழிலேயே அவருக்கு எழுதினார், அங்குள்ள நூலகத்துத் தமிழ்ச் சுவடிகளைப் பற்றி.

யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் இந்த வட்டத்தில் உண்டு. சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பிய அவர் ஏட்டைக் கேட்டதையும், தாம் மறுத்ததையும் 'என் சரித்திர'த்தில் சாமிநாதையர் எழுதியிருக்கிறார். ஒரே துறையில் இருந்த இருவருக்கு இடையில் இப்படி வருவது இயல்புதான். உறவு அதோடு அறுந்துவிடவில்லை.

அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) கடிதம் எழுதும் முறை வேறு. அவர் சொல்லச் சொல்ல மாணவர் எழுதுவார்கள். தலைப்பில் ஒரு செய்யுள் இருக்கும், கீழே செய்தி வரும். ஆசிரியரின் வரலாற்றை எழுதியபோது, கிடைத்த கடிதங்கள் சிலவற்றையும் சாமிநாதையர் அதில் சேர்த்தார். கடைசிக் காலத்தில் அந்தப் பெரும் புலவரைக் கடன் எப்படி நெருக்கியது என்பதும் அந்த வரலாற்றில் இருக்கிறது.

சாமிநாதையர் தமக்கு வந்ததைப் பத்திரப்படுத்தினார். அவர் 1942இல் காலமானார். மறு ஆண்டே அவர் பெயரில் சென்னையில் நூல்நிலையம் அமைந்தது. அதனால் அவை தப்பின. அவர் எழுதிய பதில்களோ பெற்றவர்களின் வீடுகளுக்குப் போய்ச் சிதறிவிட்டன. கடிதத் தொகுப்பு பெரும்பாலும் இப்படித்தான்: ஒரு பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்கும்.

1981இல் யாழ் நூலகத்தோடு எரிந்த கையெழுத்துகளை நினைத்துக்கொள்கிறேன். இடம்பெயர்ந்தபோது பெட்டியோடு கைவிட்டவை எத்தனை என்று வன்னி வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. செஞ்சிலுவைச் சங்கப் படிவத்தில் வந்த நாலு வரியை இன்னும் வைத்திருக்கும் வீடுகள் உண்டு.

எங்கள் வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக முடிவு செய்தது. அப்படித் தலைமன்னாரில் கப்பலேறிப் போன சின்னத் தாத்தா, கூடலூரிலிருந்து பாட்டிக்கு எழுதியவை அதில் உள்ளன. பதினொரு கடிதங்கள். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. மகாவித்துவானைப் போல அவரும் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை யாராவது பதில் எழுதிக் கொடுக்கும். கொழுந்து விலை, கோயில் திருவிழா, 1969இல் பழைய மஸ்கெலியா டவுன் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் போனது என்று என்னவெல்லாம் சொல்லியிருப்பார்? நீர் வற்றும் காலத்தில் அந்தப் பழைய கோயில் வெளியே தெரியும். பாட்டியின் பதில்கள்தான் எங்கும் தெரியவில்லை.

உங்கள் வீட்டில் கடிதம் இருந்தால் உறையை வீசிவிடாதீர்கள். ஊரும் திகதியும் பல வேளைகளில் தபால் முத்திரையில் மட்டுமே இருக்கும். எழுதியவர் யார், யாருக்கு என்ன முறை என்பதை, தெரிந்த பெரியவர் இருக்கும்போதே கேட்டுத் தனித்தாளில் குறித்து வையுங்கள். இரண்டு பக்கத்தையும் உறையையும் போனில் படம் எடுத்து, இன்னொரு ஊரில் இருக்கும் உறவினருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

கூடலூரில் சின்னத் தாத்தாவின் பேரனுடைய தொலைபேசி எண் போன மாதம் கிடைத்தது. அவர்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கிறதாம். தேடிப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.