சிறப்புப் பள்ளியில் இடம்: முதலில் சான்றிதழ்

அருகிலுள்ள பொதுப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தெரிவு செய்யும் உரிமை குழந்தையின் தரப்புக்கே உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, குறைபாடு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் எனச் சான்று பெற்ற குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. பிற குழந்தைகளுக்கோ இவ்வுரிமை 14 வயது வரைதான்.

நமது மருத்துவர் தரும் பரிசோதனை அறிக்கை சான்று பெற உதவும். ஆனால் அதுவே சான்றிதழ் ஆகாது. அறிக்கையை மட்டும் ஏந்திப் பள்ளி பள்ளியாக அலைவது வீண். சான்றளிப்பவர் அரசு அங்கீகரித்த மருத்துவ அலுவலர். தாம்பரம், பல்லாவரம் பகுதிகள் 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆகவே அம்மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான மத்திய அரசு நிறுவனம் சிறப்புக் கல்வியும் அளிக்கிறது. நாள்தோறும் அவ்வளவு தொலைவைக் குழந்தை தாங்குமா என்பதை, சேர்க்கைக்கு முன்பே ஒருமுறை அழைத்துச் சென்று பாருங்கள்.