காரையாற்றங்கரையில் கூடாரம் போடலாமா?

காரையாறு அணையைப் பார்த்துவிட்டு மாலையில் அடிவாரத்து விக்கிரமசிங்கபுரத்துக்கு (வி.கே.புரம்) இறங்கும் வெளியூர்க்காரர்கள் பலர் கேட்பது இதுதான்: இவ்வளவு தண்ணீர், சுற்றிலும் மலை, கரையோரம் ஒரு கூடாரம் போட்டு ராத்திரி தங்க விட்டால் என்ன?

விட மாட்டார்கள். பாபநாசம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். இரண்டு சரணாலயங்களை இணைத்து 1988-இல் உருவான இதுவே தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழையவே அனுமதி வேண்டும்; காட்டுக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவது குற்றம். பகலில் போனவர் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும்.

அமெரிக்க மாநிலப் பூங்காக்கள் பலவற்றில் ஏரிக்கரையிலேயே எண் போட்ட இடம், மேசை, அடுப்பு மூட்டத் தனி வளையம், கழிப்பறை எல்லாம் வாடகைக்குக் கிடைக்கின்றன. காரையாற்றின் கதை வேறு. 143 அடி கொள்ளளவு மட்டம் கொண்ட இந்த அணை பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் கட்டப்பட்டது. திறந்துவிடும் நீருக்கேற்பக் கீழே தாமிரபரணி ஆறு ஏறும், இறங்கும். கோடையில் அணை வற்றும்போது கரையில் புல் தலைகாட்டும். மிளாவும் யானையும் அங்கே இறங்கும். நமக்குக் கூடாரம் போடத் தோதாகத் தெரியும் சமதரை அவற்றின் மேய்ச்சல் தரை.

ஆனாலும் இதே காட்டில் வருஷத்துக்கு ஒருமுறை ஊரே குடில் போட்டுத் தங்குகிறது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வரும் குடும்பங்கள், ஆற்றங்கரை மரத்தடிகளில் கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டி, பொங்கலிட்டு, கிடா வெட்டி, ஆற்றில் குளித்துப் பூக்குழி பார்த்துவிட்டுத்தான் மலை இறங்கும். அங்கே தெய்வமாக வணங்கப்படும் பட்டவராயனுக்குத் தோல் செருப்பு காணிக்கையாகும். சிங்கம்பட்டி ஜமீனின் முருகதாஸ் தீர்த்தபதி, 2020-இல் மறையும்வரை, இந்தத் திருவிழாவில் ராஜ உடையில் காட்சி கொடுப்பார். அதைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும். முகாம் வாழ்க்கையைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய ஊரல்ல இது.

சிக்கல் எங்கே? தாமிரபரணி இறங்கி வரும் வழியில் அத்தனை குடில், அத்தனை அடுப்பு, அத்தனை பேரின் காலைக்கடன். விறகு காட்டிலிருந்து வருகிறது. பிளாஸ்டிக் காட்டிலேயே தங்கிவிடுகிறது. இதே தண்ணீரைத்தான் கீழே திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. அதனால் முன்பு வாரக்கணக்கில் நீண்ட தங்கல், அண்மை ஆண்டுகளில் சில நாட்களாகச் சுருங்கிவிட்டது. தனியார் வாகனங்களை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் ஏற வேண்டும். பக்தர்களுக்கு வருத்தம்தான்.

நாளைக் குறைத்தது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நாளைக் குறைப்பதோடு வேலை முடிந்ததாக நினைப்பது சரியல்ல. கரையிலிருந்து தள்ளி, எண் போட்ட இடங்களில் மட்டும் குடில், கூட்டத்துக்கு ஏற்ற எண்ணிக்கையில் கழிப்பறை, பொது அடுப்புக்கூடம்: அமெரிக்கப் பூங்காவிலிருந்து கடன் வாங்கத் தக்கது இந்த ஒழுங்குதான். ஒரு குடும்பத்துக்கு ஓர் இடம் என்று முன்பதிவு வந்தால் நெரிசலும் தானே குறையும்.

மற்ற நாட்களில் காட்டை அனுபவிக்க ஆசைப்படுபவர்களுக்கும் வழி உண்டு. முண்டந்துறையில் வனத்துறையின் ஓய்வு விடுதி இருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ 20-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளை இணையவழி முன்பதிவுக்குத் திறந்தது. பழங்குடியினர் உள்ளிட்ட உள்ளூர் மக்களே வழிகாட்டிகள். காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். ஆகவே புறப்படும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

வரும் ஆடி அமாவாசைக்குக் குடில் போடப் போகிறவர்கள் எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். சோப்பு, ஷாம்புவை ஆற்றுக்குக் கொண்டுபோகாதீர்கள். பரிகாரம் என்று உடுத்திய துணியைத் தண்ணீரில் விடாமல், பையில் போட்டுத் திரும்ப எடுத்து வாருங்கள்.